உனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்

கையிலிருந்து நெல் வாடை போகமாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டுப் பார்த்தேன், எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தும் பார்த்துவிட்டேன். ஐப்பசி மழையில் நனைந்து, தார்ப்பாய்க்கு அடியில் வெந்து, முளைவிடத் தொடங்கிய நெல்லின் வாடை. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் பச்சை. இந்த வாரம் முழுக்கக் கொள்முதல் நிலையத்தில் அதுதான். உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வாடைக்குள் உட்கார்ந்துதான் உன் கதைகளில் பாதியை எழுதினாய்.

திங்கட்கிழமை காலை ஒரு குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே கொதித்தது. "யாரோட நெல்லு இது? காத்துப் போக வழியில்லாம இப்படியா மூடி வெப்பாங்க?" என்று கத்திக்கொண்டே நிமிர்ந்தால், அந்தப் பக்கம் அண்ணன், உன் வீட்டுக்காரர், நிற்கிறார். நீ போன பிறகு அவர் நெல் கொண்டு வருவது இதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் டிராக்டரில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போய்விடுவார். காவல் இருப்பது, கிளறுவது, மூடுவது எல்லாம் நீதான்.

"அவதாம்மா இதெல்லாம் பாப்பா" என்றார்.

ஆட்களைக் கூப்பிட்டுக் களத்தில் பரப்பச் சொன்னேன். வெயில் இருந்தாலும் காய இரண்டு மூன்று நாளாகும். அதுவரை அவர் இங்கேதான் கிடக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே உன் கதைகள், அச்சுக்குப் போகும் முன் பிழைதிருத்தத் தருவார்களே, அந்தத் தாள்களாக. தஞ்சாவூரில் நாம் போகும் வாசகர் கூட்டத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு எல்லார் பேச்சுக்கும் தலையாட்டுவாரே ஒரு பதிப்பாளர், அவர்தான் உன்னைப் புத்தகமாகப் போடுகிறார். உன் மகள் உன் போனிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நீ இருந்தபோது கேட்டிருந்தால், "இப்ப என்ன அவசரம்" என்று தட்டிக் கழித்திருப்பாய்.

"முன்னுரை நீதாம்மா எழுதணும்" என்றார் அண்ணன்.

"நானா? நான் மூட்டைக்கு ரசீது எழுதுறவ அண்ணே."

"அவ எது எழுதினாலும் மொதல்ல உனக்குத்தானே அனுப்புவா. எங்களுக்கெல்லாம் காட்டவே மாட்டா."

பிறகு எச்சில் தொட்டுத் தாள்களைப் புரட்டி, பறக்கிற பெண்ணின் கதை வரும் இடத்தில் நிறுத்தினார். அந்தப் பக்கம் மட்டும் ஓரம் கசங்கியிருந்தது. "இந்தக் கதையப் பத்தி மட்டும் ஒரு வரி எழுதிடும்மா. தனக்கு இப்படி ஆகப்போவுதுன்னு அவளுக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சுதான் எழுதினான்னு."

ஈரப்பதம் பார்க்க ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று எழுந்து போய்விட்டேன். உனக்கு இப்போது எழுதுவது அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

நாம் பழகியதே சண்டையில்தான், நினைவிருக்கிறதா? நான் இந்த நிலையத்துக்குப் பட்டியல் எழுத்தராக வந்த முதல் சம்பா அறுவடை. உன் நெல்லில் ஈரம் கூடுதலாக இருந்தது. மெஷினைக் காட்டி, "இன்னும் காயணுங்க" என்றேன். நீ மெஷினைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "ராத்திரி பூரா பேசிக்கிட்டே இருந்துச்சுங்க, அதான் வேர்த்துப் போச்சு" என்றாய்.

"யாரு?"

"நெல்லுதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வந்த புதிது, என்னை ஆழம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். "பேசினாலும் சரி, பாடினாலும் சரி, காய்ஞ்சாத்தான் எடுப்போம்" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். சாயங்காலம் நீயே தேடி வந்தாய். "ஏங்க க்ளார்க்கம்மா, அது என்ன பேசுச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றாய். சரி சொல்லித் தொலையட்டும் என்று கேட்டேன். எந்த ஊருக்கு நம்மை அனுப்பப் போகிறார்கள் என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருந்ததாம். அன்று லாரியில் மூட்டை ஏற்றும்போது நான் ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் பார்த்தேன். 'நீங்க' போய் 'நீ' ஆகி, பிறகு 'வாடி போடி' ஆன பின்னும் உனக்கு நான் க்ளார்க்கம்மாதான்.

கதை என்றால் எனக்கு ஒரு கணக்கு உண்டு. அதில் வருகிறவர் பூதலூரில் ரயில் ஏறினால் தஞ்சாவூரில் இறங்க வேண்டும். வழியில் ரயில் மீனாக மாறினால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். நீ எழுதியதெல்லாம் மீனாக மாறிய ரயில்கள்தான். உலை கொதிக்கும் நேரத்தில் போனில் ஒரு விரலால் தட்டித் தட்டி எனக்கு அனுப்புவாய். முதல் ஒன்றிரண்டுக்கு, "இது நடக்குமா?" என்று பதில் போட்டேன். நீ சிரிக்கிற பொம்மை அனுப்பினாய்.

அப்புறம் அந்தக் கொல்லைக் கதவுக் கதை வந்தது. ஒரு வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்தால் கிணற்றடி தெரிய வேண்டிய இடத்தில் வெளிநாட்டு அறை ஒன்று தெரிகிறது. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் அந்த வீட்டுப் பையன் தூங்குகிறான். அம்மா எக்கி நின்று போர்வையை இழுத்து விட்டுவிட்டுத் திரும்புகிறாள். அவன் எழுந்து, ஏசிக் காற்றுதான் போர்வையை நகர்த்தியது என்று நினைத்துக்கொள்கிறான். தினமும் இது நடக்கிறது. ஒருநாள் கதவைத் திறந்தால் கிணற்றடி மட்டும் இருக்கிறது. அவ்வளவுதான் கதை.

என் தம்பி குவைத்துக்குப் போய் வருடக்கணக்காகிறது. அந்தக் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கீரையை வைத்துவிட்டு, "அந்த வீடு எந்த ஊருல இருக்காம்?" என்றாள். "அம்மா, இது கதைம்மா" என்றேன். "தெரியுது. ஊரு எதுன்னு கேளேன், பஸ் இருந்தா ஒரு நடை போய்ட்டு வருவோம்" என்றாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். நடக்க முடியாத ஒன்றைச் சொல்லி எங்கள் வீட்டில் இரண்டு பேரை நம்ப வைத்துவிட்டாயே என்று உன்மேல் கோபம் வந்தது. நடக்கிறதை நடக்கிறபடியே சொன்ன எத்தனையோ கதைகளை நான் நம்பியதில்லை. பிள்ளையைப் பிரிந்த தாய் வருந்தினாள் என்று எழுதியிருந்தால், அதான் தெரிந்ததாயிற்றே என்று அம்மா கீரையை உருவிக்கொண்டே இருந்திருப்பாள்.

அன்றிலிருந்து நான் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன். உன் கதை வந்தால் முதலில் உள்ளே போய்விடுவேன். நடக்குமா நடக்காதா என்பதெல்லாம் வெளியே வந்த பிறகு.

பறக்கிற பெண்ணின் கதை போன வருடம் மாசியில் வந்தது. அது எப்படிப் பிறந்தது என்று எனக்குத் தெரியும், கூடவே இருந்தேன். மூட்டை வரத்து இல்லாத ஒரு மத்தியானம், தூற்றுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பதர் பறந்து வந்து நம் தலையெல்லாம் அப்பியது. நீ எடை மேடையில் ஏறி நின்று, "என்னையும் எடுத்துக்குங்க, ஈரமெல்லாம் இல்ல" என்றாய். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பது கிலோ மூட்டைக்கு நல்லா ஒன்றரை மூட்டை தேறுவே, கீழ எறங்கு, மேடை ஒடஞ்சுடப் போவுது" என்றேன். சுமை தூக்குகிறவர்கள்கூடச் சிரித்தார்கள். அந்த வாரக் கடைசியிலேயே கதை வந்துவிட்டது.

உனக்கே உன் கதையைச் சொல்வது கிறுக்குத்தனம்தான். ஆனாலும் அந்த வரியை எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் நான் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூற்றுகிற மெஷின் முன்னால் போன ஒரு பெண் பதரோடு சேர்ந்து பறந்துவிடுகிறாள். புருஷன் பதர்க் குவியலைக் கிளறித் தேடி எடுத்து வீட்டுக்குக் கூட்டி வருகிறான். மறுநாளும் பறக்கிறாள். முந்தானையில் ஒரு மரக்கால் நெல்லை அளந்து முடிந்து விடுகிறான். நெல்லையும் தூக்கிக்கொண்டு பறந்து வேதாரண்யம் உப்பளத்தில் போய் இறங்குகிறாள். பாவம், கனமே இல்லையே என்று அங்கிருப்பவர்கள் மடியில் உப்பைக் கட்டி அனுப்புகிறார்கள். அந்த உப்பைப் போட்டு அவள் குழம்பு வைக்கிறாள். சாப்பிட்டவர்களுக்கெல்லாம் எடை போய்விடுகிறது. குழம்பு ருசியாக இருக்கிறதே என்று கிண்ணம் கொண்டுவந்து வாங்கிப் போனவர்களுக்கும். கடைசியில் ஊரே மேலே மிதக்கிறது, மாடுகள் மட்டும் வயலில் நிற்கின்றன. அப்போது பார்த்து வாய்க்காலில் அந்த வருடத்துப் புதுத்தண்ணீர் வருகிறது. பூத்தூவி வரவேற்கக் கரையில் ஒருவரும் இல்லை. தண்ணீர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போகிறது.

அந்தத் தண்ணீர் நின்று பார்த்த இடத்தை மட்டும் மூன்று நாலு தடவை படித்தேன். ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

வாசகர் கூட்டத்தில் அதைப் படித்தாய். ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் எழுந்து, விவசாயம் கட்டுபடியாகாமல் ஊரைவிட்டுப் போகும் டெல்டா மக்களின் குறியீடு என்றார். கண்ணாடி போட்ட ஒரு பெண், குடும்பத்துக்காகத் தேய்ந்து போகும் பெண்களின் கதை இது என்றாள். இன்னொருவர் உப்பைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். நீ ஒவ்வொன்றுக்கும் பணிவாகத் தலையாட்டினாய். பூதலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும்தான் வாயைத் திறந்தாய்.

"எல்லாரும் சொன்னது சரிதான்டி. ஆனா மாடு மட்டும் ஏன் பறக்கலைன்னு ஒருத்தரும் கேக்கல பாரு."

"ஏன் பறக்கல?"

"மாடு குழம்பு சாப்பிடாதே."

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். பிறகு நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "கருத்து இருக்குடி. இல்லாம எழுதுவேனா? ஆனா அதத் தனியா பிரிச்சு எடுத்துக் கையில குடுன்னா எனக்கே தெரியாது." அந்தப் பேச்சை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கும்பகோணம் பக்கம் ஏதோ கல்யாணத்துக்குப் போய்வந்த கூட்டம் ஏறியது, எழுந்து இடம் கொடுத்தோம்.

உன் ஊரில் கதை வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. ஒரு சிற்றிதழில் வந்ததை உன் மகள் தன் பாட்டிக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். உன் மாமியார் மறுநாளே கல்லுப்புப் பானையைக் கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்துவிட்டார். வேதாரண்யம் உப்பு விற்க வண்டியில் வருகிறவரிடம், "இனிமே எங்க தெருவுக்கு வராதப்பா" என்று சொல்லி அனுப்பினார். அக்கம்பக்கத்திலும் நாலைந்து வீட்டில் பாக்கெட் உப்புக்கு மாறிவிட்டார்கள். பாவம் அந்த உப்புக்காரர், என்ன குற்றம் செய்தோம் என்று புரியாமல் உன் வாசலில் வந்து நின்றார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நீயே இரண்டு படி வாங்கிக்கொண்டாய்.

ஐப்பசியில் குறுவை நெல்லோடு வந்தாய். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. பழைய விளையாட்டாக மேடையில் ஏற்றினேன், ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. "குடுத்து வெச்சவடி, நானும் எளைக்கணும்னு பாக்குறேன்" என்றேன். நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டு, மேடையை விட்டு இறங்காமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாய். தை பிறக்கும்போது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். ஆனியில், வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த வாரத்தில், உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம்.

அன்றைக்கே உன் மாமியார் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னார், "எழுதக்கூடாதத எழுதினா. எழுதி எழுதித்தான் போய்ச் சேந்தா." அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் எதையாவது பிடித்துக்கொண்டு அழவேண்டுமே. ஆனால் அது ஊர்ப் பேச்சாகிவிட்டது. பறக்கிறாள் என்று எழுதியவள் எடை போயே செத்துப் போனாள் என்று டீக்கடை வரைக்கும் பேசினார்கள். உன்னைப் படிக்காதவர்களெல்லாம் உனக்கு உரை எழுதிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணனே மறுபடி பேச்சை எடுத்தார். நெல்லைக் காலால் தள்ளிக் கிளறிக்கொண்டே பேசினார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் கதையெல்லாம் படிக்கிறவன் இல்லம்மா. அவ போன பிறகுதான் இதப் படிச்சேன். அதுல அந்தப் புருஷன் பதருல தேடுறான். முந்தானையில நெல்லு கட்டுறான். நான் ஒண்ணும் கட்டலையேம்மா. சோறு எறங்கலைன்னு சொன்னா. அறுப்பு முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். அறுப்பு முடிஞ்சதும் நடவுன்னேன்."

"அண்ணே..."

"அவளுக்குத் தெரிஞ்சிருந்தா சரி. தெரிஞ்சுதான் நம்மகிட்ட சொல்லாம இருந்தான்னா, அது அவ எடுத்த முடிவு. அப்படித்தான் இருக்கணும்மா. புத்தகத்துல வந்துட்டா ஊரு வாயும் அடங்கும்."

ஒரு வரிதான் கேட்கிறார். அந்த வரியில் அவர் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் எழுதியும் பார்த்தேன். "தன் முடிவை முன்பே அறிந்திருந்த ஒருவரின் கதை இது." நன்றாகத்தான் இருந்தது. புத்தக வெளியீட்டில் யாராவது எடுத்துப் பேசுவார்கள். பதிப்பாளர் பின்னட்டையில் போடுவார்.

அந்தி சாய்கிற நேரத்தில் உன் மகள் போன் செய்தாள். மயிலாடுதுறையில் ஹாஸ்டலில் இருக்கிறாள், இரண்டாம் வருஷம். முன்னுரை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டாள்.

"அத்தை, அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஏன் கேக்குற?"

"அப்பா அப்படித்தான் சொல்றாங்க. ஆயா என்னடான்னா எழுதினதாலதான் நடந்துச்சுங்குது. ரெண்டுல எது?" நான் வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "நானும் ஒரு கதை எழுதினேன் அத்தை. அதுல அப்பா வரப்புல நடந்துக்கிட்டே இருக்காங்க. நடக்க நடக்க கால், முட்டி, இடுப்புன்னு மண்ணுக்குள்ள எறங்கிடறாங்க. துண்டு மட்டும் வரப்புல கெடக்கு. எழுதிட்டு எனக்கு ஒடம்பெல்லாம் ஒதறுது. ஒடனே அழிச்சுட்டேன். அழிச்சுட்டா ஒண்ணும் ஆகாதுல்ல? அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

நான் ஏதேதோ சொல்லித் தேற்றினேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை என்று தெரிந்தது. போனை வைத்துவிட்டு நான் எழுதிய வரியைப் பார்த்தேன். அது அச்சில் வந்தால் உன் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று அப்போதுதான் உறைத்தது. அம்மா கண்டது நடந்தது என்று புத்தகமே சொல்கிறது. அப்படியானால் அவள் காண்பதும் நடக்கும். அதற்குப் பிறகு எழுதுவாளா? எழுதுவதை விடு, ஒரு கெட்ட கனவு கண்டால் தாங்குவாளா? அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கும் அந்த வரி பெண்ணுக்கு விலங்கு. தாளைக் கிழித்துப் போட்டேன். உன்மேல்தான் கோபம் வந்தது. கதையைத் தந்தாயே, அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

புதன்கிழமை நெல் காய்ந்துவிட்டது. மெஷினில் பார்த்தேன், சரியாக இருந்தது. அண்ணன் சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். கூட்டம் சேருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, அந்த வரிய நான் எழுத மாட்டேன். அவளுக்குத் தெரியாது."

சாக்கு கையிலேயே நின்றது.

"அவ அந்தக் கதைய எழுதினப்ப இந்த மேடையில ஏறி நின்னா. கல்லு மாதிரி இருந்தா. நான்தான் எடை பாத்தேன். சீக்கு அப்புறம்தான் வந்துச்சு. அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாமத்தான் நடந்துபோச்சு. நீங்க நெல்லு கட்டலைன்னு அவ எழுதல. மெஷின் காத்துல பதர் பறந்துச்சு, அதப் பாத்து எழுதினா. அவ்வளவுதான்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பாவி, கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். சத்தம் இல்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. சுமைக்காரர்கள் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். நானும் நின்றேன், வேறென்ன செய்வது. கொஞ்ச நேரம் கழித்து, உன் மகள் சொல்ல வேண்டாம் என்றதையும் சொன்னேன். மண்ணுக்குள் இறங்கும் அப்பாவையும் அவள் அதை அழித்துவிட்டு நடுங்குவதையும் சொன்னேன். சத்தியம் எதுவும் பண்ணவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் தலையை நிமிர்த்தி, "மண்ணுக்குள்ளயா?" என்றார்.

"ஆமாண்ணே."

"எந்த வரப்பாம்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில்தான் பேசுவார், உனக்குத் தெரியும்.

"பாப்பா, என்ன வெச்சு ஏதோ கதை எழுதினியாமே?"

"அத்தை சொல்லிட்டாங்களா? அழிச்சுட்டேன்பா. சாமி சத்தியமா அழிச்சுட்டேன்."

"அழிச்சது கெடக்கட்டும். வரப்புல நடந்து போறேன். மண்ணுக்குள்ள எறங்கிடறேன். சரி. அப்புறம்?"

"அப்புறம் இல்லப்பா. அதோட பயந்துட்டேன்."

"அதெப்படி அப்புறம் இல்லாமப் போவும்? உள்ள போனவன் அங்கயே குந்தியிருப்பானா? உள்ள என்ன இருக்கு? யாராச்சும் இருக்காங்களா?"

அவள் அழுகிறாள் என்று நினைக்கிறேன். "தெரியலப்பா. எழுதினாத்தான் எனக்கே தெரியும்."

"அப்ப எழுது. அழிக்காம எழுது. நான் எங்க வெளிய வர்றேன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

போனை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எடை போடும்மா" என்றார். போட்டேன். ரசீதை வாங்கிக்கொண்டு, தாள்கள் இருந்த கவரை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். வரியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

முன்னுரையை நேற்று அனுப்பிவிட்டேன். ஒரு பக்கம்தான். இந்தக் கதைகளுக்குள் போகிறவர்கள் கருத்தைத் தேடிக்கொண்டு போக வேண்டாம், போய்விட்டு வந்தால் அது கூடவே வரும் என்று எழுதினேன். எப்படிச் செத்தாய் என்று எழுதவில்லை.

இனி உனக்கு மட்டும் சொல்கிறேன். அண்ணனிடம் அவ்வளவு அடித்துச் சொன்னேனே, அந்த உறுதி எனக்கு இல்லை. இந்தச் சீக்கு வெளியே தெரிவதற்கு வெகுகாலம் முன்பே உள்ளே வந்திருக்கும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. ஒன்றரை மூட்டை கனத்தோடு மேடையில் நின்று சிரித்தவளுக்குள் அது அப்போதே இருந்ததோ என்னவோ. உன் கை எழுதிக்கொண்டிருந்தபோது உன் உடம்பு எதையாவது சொல்லிக் கொடுத்ததோ என்னவோ. ஐப்பசியில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு ஏன் அப்படி நின்றாய்? நினைத்தால் பயமாக இருக்கிறது. பறக்கிறவளின் கதையை எடுத்தால், முதல் வரியைத் தாண்டுவதற்குள் உன்னைக் கேட்கத் தொடங்கிவிடுகிறேன்: தெரியுமாடி? தெரிந்தேதான் என்னையும் சிரிக்க வைத்தாயா?

நீ சொல்லப் போவதில்லை. நானும் இனி யாரிடமும் கேட்கப் போவதில்லை. உன் மகள் பயமில்லாமல் எழுத வேண்டும். உன் வீட்டுக்காரர் அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அவர்களைப் பொறுத்தவரை உனக்குத் தெரியாது என்றே இருக்கட்டும். தெரிந்திருக்குமோ என்பதை நான் வைத்துக்கொள்கிறேன்.